ஆஞ்சியோகிராம் நார்மல் என்றால் கேஸ் வலிதானா?

நெஞ்சுவலி வந்த ஒரு அம்மாவைப் பற்றி, ‘ஆஞ்சியோகிராமில் (இதய ரத்தக்குழாய்களில் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம்) அடைப்பில்லை, அதனால் அவருக்கு வந்தது கேஸ் வலிதான்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. ஆஞ்சியோகிராமில் தெரிவது பெரிய ரத்தக்குழாய்கள் மட்டுமே. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்குழாய்கள் அதில் தெரியாது. அவை தேவையான நேரத்தில் விரியாமல் போனாலும், திடீரென இறுகினாலும் ஆஞ்சைனா, அதாவது இதயத்துக்கு ரத்தம் போதாமல் உண்டாகும் நெஞ்சுவலி, வரும். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை எல்லாம் இதற்கும் காரணம்தான். மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. அவர்களைத்தான் ‘டென்ஷன்மா’ என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்!

இதற்கு ஸ்டென்ட் (பெரிய குழாயின் அடைப்பை விரித்து வைக்கும் வலைக்குழாய்) உதவாது. பீட்டா பிளாக்கர், கால்சியம் சேனல் பிளாக்கர், ஸ்டாட்டின் போன்ற மாத்திரைகள் உண்டு. வலி வந்தால் நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை சிலருக்குச் சரியாகக் கேட்காது. 2018இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில், அடினோசின், அசிட்டைல்கோலின் என்ற மருந்துகளைக் கொடுத்து, குழாய்கள் சரியாக விரிகின்றனவா, இறுகுகின்றனவா என்று சோதித்து, வகையறிந்து மருந்து கொடுத்தவர்களுக்கு வலி குறைந்தது. அந்த அம்மா திரும்ப ஒரு இதய மருத்துவரைப் பார்க்கட்டும்.