ஆக்ரோவுக்கு இவ்வளவு புகழ் தகுமா?

கடந்த ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் மலைப் பக்கத்து ஊரான பண்ணைக்காட்டில், வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்த பிற்பகலில், நண்பனின் வீட்டு மாடியறையில் ஒரு குதிரையை முன்னிட்டு நடந்த வாக்குவாதத்தில் எந்தப் பக்கமும் சேராமல் இருந்ததற்காக இரண்டு பக்கமும் திட்டு வாங்கினேன். அன்று குரலை உயர்த்திச் சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன். குதிரையின் பெயர் ஆக்ரோ. ‘ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்’ என்ற வீடியோ கேமில் வரும் கறுப்புக் குதிரை. அந்த விளையாட்டை இனிமேல்தான் விளையாடப் போகிறீர்கள் என்றால் இந்தப் பதிவை இத்துடன் விட்டுவிடுங்கள். முடிவு வரைக்கும் பேசப் போகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபுமிட்டோ உவேடா இயக்கத்தில் 2005-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த விளையாட்டு இது. 2018-இல் புளூபாயின்ட் நிறுவனம் காட்சிகளையெல்லாம் புதிதாகச் செய்து பிளேஸ்டேஷன் 4-க்குக் கொண்டுவந்தது. இறந்துபோன ஒரு பெண்ணை எழுப்புவதற்காக, வாண்டர் என்ற இளைஞன் மனிதர் நுழையக் கூடாத நிலத்துக்குள் வருகிறான். அங்கே உள்ள 16 ராட்சத உருவங்களை வீழ்த்தினால் அவளை மீட்கலாம் என்று ஒரு குரல் சொல்கிறது. ஊர் கிடையாது, கடை கிடையாது, வழியில் மறிக்கும் சில்லறை எதிரிகளும் கிடையாது. ஒரு ராட்சதனுக்கும் அடுத்தவனுக்கும் நடுவே மணலும் பாறையும் புல்வெளியும்தான். துணைக்கு இந்தக் குதிரை மட்டும்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் நண்பன் விடுமுறைக்கு வந்திருந்தான். முதல் முறையாக விளையாட உட்கார்ந்தவன், ஒரு மணி நேரத்தில் கன்ட்ரோலரைத் தொடையில் தட்டிக்கொண்டு, “இந்தக் குதிரையவா இத்தனை வருஷமா தலையில தூக்கி வச்சு ஆடுறீங்க? திரும்பச் சொன்னா திரும்ப மாட்டேங்குது. சும்மா ஓவர் ஹைப்புடா” என்றான். வீட்டுக்கார நண்பன் அந்த விளையாட்டை நான்கு முறை முடித்தவன், கைப்பேசியின் முகப்பில் ஆக்ரோவின் படம் வைத்திருப்பவன். “நீ இன்னும் பாலத்துக்கே வரலை. அதைப் பாத்துட்டு வந்து பேசு” என்றான். அதற்குப் பிறகு பேசியதெல்லாம் எழுதத் தக்கதன்று.

குறை சொன்னவனின் தரப்பில் நியாயம் இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பாறை நெருங்கிய இடங்களில் இந்த விளையாட்டின் கேமரா தன் போக்கில் சுழல்கிறது. எந்தப் பக்கம் போகிறோம் என்று நமக்கே தெரியாதபோது குதிரைக்கு எப்படிச் சொல்வது? ஆக்ரோ மரத்தில் முட்டி நிற்பதையும், பாறைச் சுவரை ஒட்டிக்கொண்டு நகர மறுப்பதையும் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இதையும் ‘கலை’ என்று சொல்லும் ரசிகர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. பிழையைப் பிழை என்று ஒப்புக்கொள்வதால் ஆக்ரோவின் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அவன் திட்டியவற்றில் பாதிதான் கேமராவின் குற்றம். மீதிப் பாதி, குதிரை குதிரையாக இருந்த குற்றம்.

நான் வளர்ந்தது தாண்டிக்குடிப் பக்கம். கீழ்ப்பழனி மலையில் தார்ச்சாலை எட்டாத தோட்டங்களிலிருந்து காப்பி மூட்டையும் மிளகும் மலைவாழைத் தாரும் சாலைக்கு வந்து சேர்வது பொதிக்குதிரைகளின் முதுகில்தான். கொடைக்கானல் பக்கமும் அப்படித்தான், கும்பக்கரையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பழைய பாதையில் இருக்கும் வெள்ளகவி என்ற ஊருக்கு அரிசியும் எண்ணெயும் குதிரை ஏறித்தான் போய்ச் சேர்ந்தன. கொடைக்கானல் ஏரிக்கரையில் சுற்றுலா வந்தவர்கள் படம் எடுத்துக்கொள்ளும் குதிரையை மட்டுமே பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். என் சித்தப்பா இருபது ஆண்டுகளுக்கு மேல் குதிரை ஓட்டியவர். அவரிடம் கடைசியாக இருந்தது ஒரு செவலைக் குதிரை. அதற்குப் பெயரும் செவலைதான்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒரு ஐப்பசி மாதத்தில், பக்கத்துக்கு ஒரு மூட்டையாகக் காப்பி ஏற்றிக்கொண்டு இறங்கி வருகிறோம். கயிறு என் கையில். வழியில் ஓர் ஓடை. காலையில் கணுக்கால் அளவு ஓடியது, மாலையில் கலங்கிச் சிவந்து முழங்கால் அளவுக்கு வந்திருந்தது. செவலை கரையில் நின்றுவிட்டது. இழுத்தேன், அதட்டினேன், நகரவில்லை. பின்னால் வந்த சித்தப்பா, “கயித்த விடுறா. அது பாக்கட்டும்” என்றார். விட்டேன். குதிரை தலையைத் தாழ்த்தித் தண்ணீருக்கு அருகில் மூக்கைக் கொண்டுபோய் மூச்சை விட்டது. காதுகள் முன்னால் குவிந்தன. ஒரு முன்னங்காலை நீரில் வைத்துப் பார்த்து எடுத்துக்கொண்டது. பிறகு கரையோடு பத்தடி மேலே போய், பாறை தட்டையாகக் கிடந்த இடத்தில் தானாகவே இறங்கிக் கடந்தது. மூட்டைகளின் அடிப்பாகம்கூட நனையவில்லை. நான் இழுத்த இடத்தில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சித்தப்பா சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

பிறகுதான் இதன் காரணத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். குதிரையின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், அது ஏறக்குறைய தன்னைச் சுற்றி முழுவதையும் பார்க்கும். ஆனால் வாலுக்கு நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் முன்னால் மூக்கை ஒட்டியும் அதற்குப் பார்வை இல்லை. காலடியில் இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அது நின்று, தலையைத் தாழ்த்தியோ உயர்த்தியோ பார்த்தாக வேண்டும். நாம் முரண்டு என்று நினைத்து அடிக்கும் நேரத்தில் பெரும்பாலும் அது பார்த்துக்கொண்டிருக்கிறது.

இப்போது ஆக்ரோவுக்கு வருகிறேன். பெரும்பாலான விளையாட்டுகளில் குதிரையில் ஏறிய கணமே நாம் குதிரையாகிவிடுகிறோம். கன்ட்ரோலரில் உள்ள குச்சியை இடப்பக்கம் தள்ளினால் குதிரை இடப்பக்கம் போகும். இங்கே அப்படியன்று. நம் விரலின் கட்டளை வாண்டருக்குப் போகிறது, வாண்டர் கடிவாளத்தை இழுக்கிறான் அல்லது குதிகாலால் விலாவைத் தட்டுகிறான், அதற்குப் பிறகுதான் ஆக்ரோ தலையைத் திருப்புகிறது, உடல் பின்னால் வருகிறது. அந்த ஒரு நொடித் தாமதத்தைத்தான் கோவை நண்பன் ‘லேக்’ என்றான். செங்குத்தான விளிம்பு வந்தால் குதிரை தானாக நிற்கிறது. ஒடுங்கிய பாதையில் நாம் குச்சியை விட்டுவிட்டால், அதுவே வளைவுக்கு ஏற்ப வளைந்து போகிறது. அவன் அப்படிப்பட்ட ஒரு பாறை இடுக்கில்தான் ஐந்து நிமிடம் போராடிக்கொண்டிருந்தான். என்னால் பொறுக்க முடியாமல், சித்தப்பாவின் குரல் எனக்குள்ளிருந்து வந்ததைப் போல, “குச்சியை விடுறா” என்றேன். விட்டான். ஆக்ரோ போய்விட்டது.

இது வெறும் அழகுக்காகச் செய்த வேலை இல்லை என்பதற்குப் பத்தாவது ராட்சதனைப் பாருங்கள். மணலுக்குள் நீந்தி வரும் அந்தப் பெரும்புழு நம்மைத் துரத்துகிறது. அதன் கண் மணலுக்கு மேலே தெரியும் நேரத்தில் அம்பு எய்தால்தான் அது நிலைதடுமாறும். அதற்கு வாண்டர் ஓடும் குதிரையின் மேல் உட்கார்ந்து பின்பக்கம் திரும்ப வேண்டும். அவன் பின்னால் பார்க்கிறான், நாமும் பின்னால் பார்க்கிறோம். முன்னால் பார்ப்பதற்கு அங்கே இருப்பது குதிரை ஒன்றுதான். பதின்மூன்றாவது, பாலைவனத்தின் மேலே பறக்கும் நீண்ட பாம்பு போன்ற உருவம். அதன் காற்றுப் பைகளை அம்பால் துளைத்தால் தாழ்ந்து வரும். அதற்கு இணையாகக் குதிரையை ஓட்டிச் சென்று, முதுகிலிருந்து அதன் சிறகுக்குத் தாவ வேண்டும். இந்த இரண்டு இடங்களிலும் குதிரைக்கு என்று ஒரு சொந்தப் புத்தி இல்லாமல் போனால் ஆட்டமே இல்லை. முதல் மணி நேரத்தில் நம்மை எரிச்சலூட்டிய அதே குணத்தின் மேல்தான் பத்தாவது சண்டை நிற்கிறது. என் கணக்கில் ஆக்ரோவின் பெருமை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

ரசிகர்களோ இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. அவர்கள் பேசுவதெல்லாம் பாலம். கடைசி ராட்சதனிடம் போகும் வழியில் பாலம் இடிந்து விழுகிறது. ஆக்ரோ கடைசிக் கணத்தில் வாண்டரை அக்கரைக்கு எறிந்துவிட்டுத் தான் பள்ளத்தில் விழுகிறது. வீட்டுக்கார நண்பன் ஒவ்வொரு முறையும் அங்கே அழுவானாம். நானும் முதல் முறை, மதுரையில் விடுதி அறையில் ஒரு பழைய பிளேஸ்டேஷன் 2-இல் விளையாடியபோது, கண்ணைத் துடைத்துக்கொண்டவன்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தக் காட்சியில் ஆக்ரோ எழுதிக் கொடுத்ததைச் செய்கிறது. பத்து மணி நேரம் நம்மோடு வந்த எந்தப் பிராணியைப் பள்ளத்தில் தள்ளினாலும் நமக்கு அழுகை வரும். ‘விசுவாசம்’ என்று ரசிகர்கள் எழுதிக் குவிப்பது இந்த ஒரு காட்சியை வைத்துத்தான் என்றால், ஆம், ஆக்ரோவுக்குக் கிடைத்திருப்பது தகுதிக்கு மீறிய புகழ்தான். கோவை நண்பன் சொன்னது அந்த அளவில் சரி.

விசுவாசம் என்ற சொல்லைக் கேட்டாலே சித்தப்பாவுக்கு ஆகாது. செவலையை ஒருமுறை பணமுடையில் பாச்சலூர்ப் பக்கம் ஒருவருக்கு விற்றார். ஐந்தாம் நாள் விடியற்காலையில் அது அறுந்த கயிற்றோடு எங்கள் வாசலில் நின்றது. சித்தி கண் கலங்கிவிட்டார். சித்தப்பா, “பாசமாவது ஒண்ணாவது. கொள்ளுத் தொட்டியத் தேடி வந்திருக்கு” என்று சொல்லிவிட்டுக் கொள்ளை ஊற வைக்கப் போனார். (வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பது வேறு விஷயம். அதைப் பற்றிக் கேட்டால் இன்றும் கோபம் வரும்.)

மற்றக் குதிரைகளோடு ஒப்பிட்டால் நான் சொல்வது இன்னும் தெளிவாகும். 2015-இல் வந்த ‘தி விட்சர் 3’-இல் ரோச், சீட்டியடித்தால் எங்கிருந்தோ வந்து நிற்கும். சில நேரம் வீட்டுக் கூரை மேலும் நிற்கும். அதை உருவாக்கியவர்களே அந்தக் கோலத்தைத் தங்களுடைய ‘குவென்ட்’ என்ற சீட்டு விளையாட்டில் ஒரு சீட்டாகப் போட்டுக் கேலி செய்துகொண்டார்கள். 2022-இன் ‘எல்டன் ரிங்’கில் டாரன்ட் அந்தரத்தில் இன்னொரு முறை தாவும், செத்தால் ஒரு குடுவை மருந்தைச் செலவழித்து எழுப்பிக்கொள்ளலாம். வசதியான வாகனம், அவ்வளவுதான். 2018-இன் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ பெரிய முயற்சி: தேய்த்துவிட வேண்டும், தீனி போட வேண்டும், பழகப் பழக நெருக்கம் கூடும், மருந்து கைவசம் இல்லாதபோது செத்தால் செத்ததுதான். ஆனால் அங்கே பசியும் களைப்பும் திரையின் மூலையில் குறையும் வட்டங்களாக ஆகிவிடுகின்றன; நான் குதிரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக்ரோவைப் புகழ்கிறவர்களிடம் நான் வைக்கும் ஒரு சோதனை உண்டு. அதே உவேடா 2016-இல் ‘தி லாஸ்ட் கார்டியன்’ என்ற விளையாட்டைக் கொடுத்தார். அதில் வரும் ட்ரிக்கோ என்ற பெரிய இறகு விலங்கு, சிறுவன் சொல்வதை உடனே கேட்காது. உற்றுப் பார்க்கும், யோசிக்கும், வேறு பக்கம் போகும். ஆக்ரோவில் ஒரு நொடியாக இருந்தது இங்கே சில நேரம் அரை நிமிடம். ‘நிஜமான குதிரை’ என்று ஆக்ரோவைக் கொண்டாடிய எத்தனையோ பேர் ட்ரிக்கோவை ‘சொன்ன பேச்சு கேட்கவில்லை’ என்று பாதியில் மூடி வைத்தார்கள். வீட்டுக்கார நண்பனும் அவர்களில் ஒருவன். அப்படியானால் அவன் ஆக்ரோவில் நேசித்தது எதை?

எனக்கும் ஆக்ரோவிடம் குறை உண்டு. அது யாரும் சொல்லாத குறை. அதற்குக் களைப்பே வருவதில்லை. அந்த நிலத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை விடாமல் விரட்டினாலும் மூச்சு வாங்குவதில்லை, சேணத்துக்குக் கீழே புண் வருவதில்லை. பொதிக்குதிரை வைத்திருப்பவர் மாலையில் முதலில் செய்வது, சாக்கு மெத்தையை எடுத்துவிட்டு முதுகைத் தடவிப் பார்ப்பது. வாண்டருக்கு அந்த வேலை வாய்க்கவே இல்லை. முடிவில் ஆக்ரோ பிழைத்து, ஒரு பின்னங்காலை ஊன்ற முடியாமல் நொண்டிக்கொண்டு அந்தப் பெண் கிடத்தப்பட்டிருக்கும் கோயிலுக்குத் திரும்பி வருகிறதே, அந்த நடையில்தான் அதன் உடம்புக்கும் வலி உண்டு என்று விளையாட்டு முழுதாக ஒப்புக்கொள்கிறது. பாலத்தில் அழுதவர்கள் அந்த நடையைக் கவனித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று மாலை மழை விட்டதும் என்னை அழைத்துப் போக சித்தப்பா வந்தார். மாடிக்கு வந்து தேநீர் குடித்தபடி ஐந்து நிமிடம் திரையைப் பார்த்தார். கோவை நண்பன் அப்போது சமவெளியில் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தான், இந்த முறை குச்சியை அதிகம் தொடாமல்.

“நல்ல குதிரை” என்றார். சற்று நேரம் கழித்து, “எவ்வளவு நேரமா ஓட்டுற?” என்று கேட்டார்.

“மத்தியானத்துலேர்ந்து, சித்தப்பா.”

“தண்ணி எப்பக் காட்டுன?”

யாரும் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கார நண்பன் கன்ட்ரோலருக்குக் கை நீட்டினான், மற்றவன் கொடுக்கவில்லை. வரைபடத்தைத் திறந்து பார்த்துவிட்டு, குதிரையைத் திருப்பி ஓர் ஏரிக்கரைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, இறங்கிக்கொண்டான்.