முதலில் வோல்டேஜில் கை வைக்காதீர்கள்

பழைய கேமிங் கம்ப்யூட்டர் ஓவர்கிளாக்கில் (ப்ராசஸரைக் கம்பெனி வைத்த வேகத்தைவிடக் கூடுதலாக ஓட்டுவதில்) தடுமாறுகிறது என்று யார் கேட்டாலும் உடனே வரும் பதில் ஒன்றுதான்: "கொஞ்சம் வோல்டேஜ் ஏத்திப் பாருங்க." புதுக் கம்ப்யூட்டருக்கு இது சரியாக இருக்கலாம். பத்து வருடம் உழைத்த கம்ப்யூட்டருக்கு இதை முதல் யோசனையாகச் சொல்வது தவறு என்று உறுதியாக நினைக்கிறேன். நானும் அதை நம்பி ஒரு வாரம் வீணடித்தேன்.

என்னிடம் இருப்பது இன்டெல் ஐ5-2500கே. 2011 ஜனவரியில் வந்த சிப். 3.3 கிகாஹெர்ட்ஸ்தான் அதன் அடிப்படை வேகம், மல்டிப்ளையரை (அடிப்படைக் கடிகாரத்தை எத்தனை மடங்காக்குவது என்ற எண்ணை) 45க்கு ஏற்றி 1.32 வோல்ட்டில் 4.5 கிகாஹெர்ட்ஸில் வருடக்கணக்காக ஓட்டினேன். ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. போன சித்திரையில் கேம் ஆரம்பித்து அரை மணி நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியது. எல்லோரும் சொன்னபடி 1.38 வோல்ட் வரை ஏற்றினேன். வெப்பம் 90 டிகிரியைத் தாண்டியது, ரீஸ்டார்ட் மட்டும் நிற்கவில்லை.

நிற்காததற்குக் காரணம் இருக்கிறது. ப்ராசஸர் தின்னும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தோடு கூடும். 1.32ஐ 1.38 ஆக்கினால் அதே வேகத்துக்கே 9 சதவீதம் அதிகம் இழுக்கும். ஏற்கெனவே தள்ளாடும் பவர் சப்ளை மீது நான் இன்னும் சுமை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் திறக்கும் அடிப்படை செட்டிங்ஸில்) எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்கு, அதாவது கம்பெனி வைத்த அளவுக்குக் கொண்டுபோய் அதே கேமை ஓட்டினேன். அப்போதும் ரீஸ்டார்ட். சரி, பிரச்சினை ஓவர்கிளாக்கில் இல்லை என்பது அந்த ஒரு சோதனையிலேயே தெரிந்துவிட்டது. புளூ ஸ்கிரீன் (விண்டோஸ் பிழை எண்ணோடு காட்டும் நீலத் திரை) எதுவும் வராமல் பட்டென்று அணைந்து எழுந்தால் முதலில் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது பவர் சப்ளையைச் சந்தேகப்படுங்கள். ஹார்ட் டிஸ்குக்குப் போகும் பழைய நான்கு முனை கனெக்டரில் மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 11.9 வோல்ட், கேம் ஓடும்போது 11.3. 12 வோல்ட் லைனில் 5 சதவீதம்தான் கூடவோ குறையவோ இருக்கலாம், அதாவது 11.4க்குக் கீழே போகக் கூடாது. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் சூட்டில் வருடம் வருடமாக வற்றிப்போகும், அறையின் வெப்பம் கூடக் கூட இன்னும் சீக்கிரமாக. (எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் தயவுசெய்து பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைத் தாக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கும்.)

புது எஸ்எம்பிஎஸ் மாட்டியதும் டீஃபால்ட்டில் எந்தத் தொந்தரவும் இல்லை. மறுபடி 4.5க்குப் போனேன், இந்த முறை 0x124 எண்ணோடு புளூ ஸ்கிரீன். ஹார்டுவேரே பிழையைப் புகார் செய்கிறது என்று அர்த்தம். இந்தத் தலைமுறைச் சிப்பை ஓவர்கிளாக் செய்யும்போது பெரும்பாலும் ப்ராசஸருக்கு வோல்டேஜ் போதவில்லை என்பதைக் காட்டும். அப்போதும் நேராக வோல்டேஜுக்குப் போகவில்லை. ப்ராசஸர் மேல் இருக்கும் ஹீட்சிங்கைக் கழற்றினால், சிப்பின் சூட்டை அதற்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. துடைத்துப் புதிதாகப் பூசி, ஃபேனில் அடைந்திருந்த தூசியைத் தட்டினேன். ரேமை ஒவ்வொரு குச்சியாக மாட்டி ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை இரவு முழுக்க ஓடவிட்டேன், பிழை இல்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

இவ்வளவுக்குப் பிறகும் 1.32 வோல்ட்டில் 4.5 நிற்கவில்லை. சிப்புக்கும் வயதாகும். வருடக்கணக்கில் கூடுதல் வோல்டேஜிலும் சூட்டிலும் ஓடிய ப்ராசஸர் அதே வேகத்துக்கு முன்பைவிட அதிக வோல்டேஜ் கேட்கும். கொடுத்தால் தேய்மானம் இன்னும் வேகமாகும். அதனால் 4.2க்கு இறங்கி 1.26 வோல்ட் வைத்தேன். வேகத்தில் நான் இழந்தது 7 சதவீதத்துக்கும் குறைவு. ப்ராசஸர் இழுக்கும் மின்சாரம் கணக்குப்படி சுமார் 15 சதவீதம் குறைகிறது. கேமில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

"ஒரு காலத்தில் 4.5 ஓடியது" என்பதற்காக அந்த எண்ணைப் பிடித்துத் தொங்கும் நண்பர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அதைவிட வருத்தம், நிலையில்லாத ஓவர்கிளாக்கில் போட்டோக்களை வைத்துக்கொண்டு சோதனை செய்வது. பிழையான ரேமோ ப்ராசஸரோ சத்தமில்லாமல் ஃபைலைக் கெடுத்துவிடும், மாதங்கள் கழித்துத் திறக்கும்போதுதான் தெரியும். முதலில் வேறொரு டிஸ்கில் பேக்கப் எடுங்கள்.

உங்கள் கம்ப்யூட்டரும் இப்படித் தடுமாறினால் கமென்டில் எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். டீஃபால்ட்டில் ஓட்டிப் பார்த்தீர்களா, புளூ ஸ்கிரீன் எண் என்ன, லோடில் வெப்பம் எத்தனை டிகிரி, எஸ்எம்பிஎஸ் வாங்கி எத்தனை வருடம், இந்த நான்கையும் சேர்த்து எழுதுங்கள்.