கொட்டாவி விட்டால் லைசென்ஸ் போகாது

லாரி கேபின் கேமரா முன் கொட்டாவி விட்டாலே ஆர்.டி.ஓ. லைசென்ஸை ரத்து செய்துவிடுவார் என்று கங்கைகொண்டான், கயத்தாறு பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

கேமராவைப் பொருத்தியது லாரி உரிமையாளர். பதிவு அவரிடம்தான் போகிறது. விபத்து நடந்தால் போலீஸ் கேட்டு வாங்கலாம். ரத்து செய்வதென்றாலும், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி ஓட்டுநரின் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும்.

செய்தியை நம்பி, லென்ஸின்மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்த ஒரு லாரியைப் பார்த்தேன், நெஞ்சு பதறியது. இருட்டிலும் அகச்சிவப்பு ஒளியில் இமையைக் கவனித்து, கண் அயர்ந்தால் ஒலியெழுப்பும் கருவி அது. தூத்துக்குடியிலிருந்து விடியற்காலை 3 மணிக்குச் சரக்கோடு வருகிறவருக்கு வேறு யார் துணை?

உரிமையாளர்களே, சட்டப்படி வேலை நாளுக்கு 8 மணி நேரம். 14 மணி நேரம் ஓட்டவைத்துவிட்டு, கொட்டாவிப் படத்தைக் காட்டி ஓட்டுநரின் தினப்படியைப் பிடிப்பது அநியாயம்.