அடிக்கிறாரா? இல்லையே, அப்புறம் என்ன?

முன்பு என்னோடு வேலை பார்த்த ஒரு அக்கா. கணவரிடமிருந்து போன் வந்தால் ரெண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுவார். அதுவும் வீடியோ கால்தான். எடுத்ததும் போனை மெதுவாக ஒரு சுற்று திருப்பிக் காட்டுவார், பக்கத்தில் யார் யார் இருக்கிறோம் என்று. "உங்க வீட்டுக்காரருக்கு உங்க மேல என்னா பாசம்க்கா!" என்று கிண்டலடித்தது நான்தான். அவரும் சிரித்தார்.

சம்பளம் மொத்தமும் கணவர் கைக்குப் போய்விடும். பஸ்ஸுக்கு மட்டும் தினமும் எண்ணித் தருவார். ஆனால் ஒருநாளும் கை நீட்டியதில்லை. அதனால் இதை வன்முறை என்று நாங்களும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 2015-ல் வந்த சட்டம், இப்படித் தொடர்ந்து ஒருவரைக் கட்டுக்குள் வைத்து மிரட்டுவதையே குற்றம் என்கிறது. அடி விழுந்திருக்க வேண்டும் என்றில்லை.

அடி விழுந்தால் மட்டும் நாம் கிழித்துவிடுவோமா என்ன? "நீ என்ன பேசின?" என்பதுதான் முதல் கேள்வி. அப்புறம் "பிள்ளைங்க முகத்தைப் பார்த்துப் பொறுத்துக்கோ." கடைசியில் ஏதாவது ஆகிவிட்டால், "முன்னாடியே வந்திருக்கலாமே!"

வருவது அவ்வளவு லேசில்லை. பிரிந்து போகிறேன் என்று சொல்லும்போதும், போன கொஞ்ச நாளிலும்தான் உயிருக்கு ஆபத்து அதிகம். பிடி நழுவுகிறது என்று தெரிந்ததும்தான் அவன் வெறி கூடும். 2023-ல் மட்டும் துணைவராலோ குடும்பத்தாராலோ கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும் உலகம் முழுக்கச் சுமார் 51,100 பேர் என்கிறது ஐ.நா. மதிப்பீடு. ஒரு நாளைக்கு 140 பேர்.

இன்னொன்று. "கழுத்தைப் புடிச்சான், அப்புறம் விட்டுட்டான்" என்று ஒரு பெண் சொன்னால், விட்டுவிட்டானே என்று வீட்டில் பெருமூச்சு விடுவார்கள். 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, துணைவர் ஒருமுறை கழுத்தை நெரித்திருந்தால் பின்னாளில் அவர் கையாலேயே கொல்லப்படும் அபாயம் ஏழு மடங்குக்கும் மேல் என்றது. பல நேரம் வெளியே தழும்புகூடத் தெரியாது. அதனாலேயே யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்த அக்கா திடீரென்று ஒருநாள் வேலையை விட்டுவிட்டார். ஏன் என்று நாங்கள் யாரும் போன் போட்டுக் கேட்கவில்லை. மேஜையில் கிடந்த பொருட்களை எடுத்துப்போக வந்தவர் அவர் கணவர். தன்மையான பேச்சு. எல்லோரையும் நலம் விசாரித்துவிட்டு, என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் போனார்.