என்2 பாஸ் பண்ணினால் ஜப்பானிய மொழி தெரியுமா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானியக் கம்பெனிகளுக்கு மொழிபெயர்ப்பாளர் எடுக்கும் சமயம் வந்தால் எனக்கு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "அண்ணா, என்3 முடிச்சிருக்கேன். ஜப்பானிய மொழி தெரியும்னு ரெஸ்யூமில் போடலாமா?" என்3 என்பது ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் ஒரு நிலை; என்5 தொடக்கம், என்1 உச்சம். இவர்களாவது கேட்கிறார்கள். ஆப்பில் ஹிரகானா என்ற அடிப்படை எழுத்துகளை முடித்த கையோடு 'ஜாப்பனீஸ்: ஃப்ளூயன்ட்' என்று கூச்சமே இல்லாமல் போடுபவர்கள் உண்டு. என்1 வரை போய்விட்டு "எனக்கு இன்னும் சரியா வராதுங்க" என்று ஒதுங்கி நிற்பவர்களும் உண்டு. இந்த இரண்டு ரகத்தோடும் எனக்குச் சண்டைதான்.

என் கணக்கு இது. பேச்சில் புரியாத ஒன்று வரும்போது அதை அந்த மொழியிலேயே கேட்டு, அந்த மொழியிலேயே வரும் விளக்கத்தை வைத்து விளங்கிக்கொள்ள முடிகிறதா? அப்படியானால் உங்களுக்கு அந்த மொழி தெரியும், தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் நடுவில் ஆங்கிலமோ தமிழோ வந்து கைதூக்கிவிட வேண்டியிருந்தால், இன்னும் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். எத்தனை கான்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்) தெரியும், உச்சரிப்பு எப்படி என்பதெல்லாம் அப்புறம்.

சர்டிபிகேட் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஜேஎல்பிடி 1984இல் தொடங்கிய தேர்வு. 2010இல்தான் இப்போதிருக்கும் என்1 முதல் என்5 வரையிலான ஐந்து நிலைகள் வந்தன. மொத்தம் 180 மதிப்பெண். என்1க்கு 100, என்2க்கு 90 எடுத்தால் போதும், எந்தப் பகுதியிலும் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக்கூடாது. கேள்வி எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. பேச்சுத் தேர்வு கிடையாது, எழுத்துத் தேர்வும் கிடையாது. அதாவது வாயைத் திறக்காமலே ஒருவர் என்1 வாங்கிவிடலாம். வாங்கியவர்களை எனக்குத் தெரியும். தேர்வைக் குறை சொல்ல வரவில்லை. அது அளக்க வந்ததை ஒழுங்காகத்தான் அளக்கிறது, குருட்டு அதிர்ஷ்டத்தில் யாரும் என்2 தாண்டுவதில்லை. ஆனால் கேட்டல் பகுதியில் ஓடுகிற ஒலிப்பதிவை நிறுத்தி "என்ன சொன்னீங்க?" என்று கேட்க முடியாது. வேலையில் நாள் முழுக்க நாம் செய்வது அதைத்தான்.

ஒரு பிளாஸ்டிக் உதிரிபாக ஃபேக்டரியில் நான் பார்த்தது. ஜப்பானிலிருந்து வந்திருந்த வயதான எக்ஸ்பர்ட் மோல்டிங் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு எதற்கெடுத்தாலும் "பரி, பரி" என்றார். தேர்வுப் புத்தகத்தில் நான் அந்தச் சொல்லைப் பார்த்ததில்லை. என்1 முடித்த தம்பி எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினான். புதிதாகச் சேர்ந்த பெண், என்3தான், நேராகக் கேட்டாள்: "பரி என்றால் என்ன?" அவர் ஒரு பீஸை எடுத்து, ஓரத்தில் நகத்தை ஓட்டிக் காட்டி, அச்சின் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் கசிந்து மெல்லிசாக வெளியே நிற்பது என்று ஜப்பானிய மொழியிலேயே விளக்கினார். அவள் விடவில்லை. அதைச் சீவி எடுத்தால் போதுமா, வராமலே பண்ணணுமா என்று அடுத்ததைக் கேட்டாள். மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது. பத்து நிமிஷம் பேசினார். அப்புறம் அவள் ஆபரேட்டர்கள் பக்கம் திரும்பி, "பிசிறு நிக்குதாம்ணா. சீவி விட்டா மட்டும் போதாதாம், மோல்ட் சரியா மூடுதான்னு பாக்கச் சொல்றார்" என்றாள். வேலை நடந்தது. அந்த இரண்டு பேரில் யாருக்கு ஜப்பானிய மொழி தெரியும் என்று அந்த ஆபரேட்டர்களையே கேட்டுப் பாருங்கள்.

ஜப்பானியர்களே அவர்கள் மொழியில் ஓயாமல் விளக்கம் கேட்டுக்கொள்பவர்கள். ஒருவருடைய பெயரைக் கான்ஜியில் பார்த்து எப்படிப் படிப்பது என்று கூசாமல் கேட்பார்கள். அங்கே விண்ணப்பப் படிவங்களில் பெயரின் உச்சரிப்பை எழுதத் தனிக் கட்டமே இருக்கும். அறிவியலுக்கும் வேதியியலுக்கும் ஒரே ஒலிதான், 'ககாகு'. எது என்று குழப்பம் வந்தால் வேதியியலை வேண்டுமென்றே 'பகேகாகு' என்று மாற்றிச் சொல்வார்கள். அதுவும் போதவில்லை என்றால் இடது உள்ளங்கையை விரித்து வலது ஆள்காட்டி விரலால் அந்த எழுத்தையே வரைந்து காட்டுவார்கள். மொழிக்குச் சொந்தக்காரர்களே இவ்வளவு கேட்கும்போது நாம் கேட்பதற்கு என்ன வெட்கம்?

பாராட்டை நம்பாதீர்கள், அது தனி விஷயம். ஒரு வணக்கம் சொன்னாலே "நிஹோங்கோ ஜோசு தேசு நே" என்று உங்கள் ஜப்பானிய மொழியைப் புகழ்வார்கள். மரியாதைக்குச் சொல்வது. என் அனுபவத்தில், புகழ்வதை நிறுத்திவிட்டு சாதாரண வேகத்தில் திட்ட ஆரம்பித்தால்தான் கொஞ்சம் தேறியிருக்கிறோம் என்று அர்த்தம்.

நான் சொல்வது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஐரோப்பிய கவுன்சில் மொழித் திறனை அளக்க 2001இல் வெளியிட்ட ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு நிலைகளில், எதிராளி சொன்னதை விளக்கச் சொல்லிக் கேட்கும் திறமைக்கென்றே தனி அளவுகோல் உண்டு. சொன்னதை இன்னும் விரித்துச் சொல்லச் சொல்லிக் கேட்பது பி1இல் வருகிறது. அந்த பி1க்கு 1975லிருந்தே அவர்கள் வைத்திருந்த பெயர் வாசற்படி. என் கோடும் ஏறக்குறைய அங்கேதான் விழுகிறது.

"அப்போ பி1 வைத்திருக்கும் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்வீர்களா?" என்று ஒரு நண்பர் மடக்கினார். மாட்டேன். ஜெர்மனியும் விடுவதில்லை. வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கு அங்கே சி1 தரத்தில் தனி மருத்துவ மொழித் தேர்வு இருக்கிறது: நோயாளியோடு பேச வேண்டும், அதை அறிக்கையாக எழுத வேண்டும், இன்னொரு டாக்டரிடம் விளக்க வேண்டும். மொழி தெரியுமா என்பது ஒரு கேள்வி, இந்த வேலைக்கு அது போதுமா என்பது வேறு கேள்வி. நம் ஆட்கள் இரண்டாவதற்குப் பயந்து முதலாவதற்கும் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள்.

எங்கள் ஊரில் சவுதியில் டிரைவராக இருந்து திரும்பிய மாமா ஒருவர் இருக்கிறார். அரபியில் ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. இலக்கணமெல்லாம் உடைந்து நொறுங்கிய, தொழிலாளிகள் பேசுகிற அரபி. ஆனால் சம்பள பாக்கியைக் கஃபீலிடம் (அங்கே வேலைக்குப் பொறுப்பேற்ற ஸ்பான்சர்) அந்த அரபியிலேயே வாதாடி வாங்கியவர். எத்தனை மொழி தெரியும் என்று கேட்டால் "தமிழ் மட்டும்தான்பா" என்பார்! 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி போக இன்னும் இரண்டு மொழிகளைச் சொல்ல இடம் இருந்தது. எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, புரிந்துகொண்டு பேசினால் போதும் என்பதுதான் விதி. அரசாங்கமே ஒத்துக்கொள்கிறது, மாமாதான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

ரெஸ்யூம் கேள்விக்கு நான் சொல்லும் பதில்: நிலையை எழுதுங்கள், பக்கத்திலேயே அந்த மொழியில் என்ன செய்வீர்கள் என்றும் எழுதுங்கள். 'என்3. லைன் மீட்டிங்கில் பேசுவேன், மெயில் படிப்பேன், போன் கஷ்டம்.' இப்படி எழுதி வருபவரை நான் உடனே கூப்பிடுவேன். இன்டர்வியூவில் அவருக்கு நிச்சயம் தெரியாத சொல் ஒன்றை வேண்டுமென்றே போட்டுவிட்டு என்ன செய்கிறார் என்று பார்ப்பேன்.

பேசவே பேசாமல் படிக்க மட்டும் செய்பவர்களை என்ன செய்வது? எனக்குத் தெரிந்த ஒருவர் ஜப்பானிய நாவல்களாக வாங்கிக் குவிக்கிறார், நேரில் ஒரு ஜப்பானியரைப் பார்த்தால் தூணுக்குப் பின்னால் போய்விடுவார். ஆனால் சொல் புரியாவிட்டால் அவர் புரட்டுவது ஜப்பானியச் சொல்லுக்கு ஜப்பானிய மொழியிலேயே பொருள் தரும் அகராதியை. அவருக்கு மொழி தெரியும் என்றுதான் சொல்வேன். மொழிபெயர்ப்பாளர் வேலை மட்டும் கொடுக்க மாட்டேன்.