கத்தி வாங்குறவங்க பேரைப் படிக்கிறதுக்கு முன்னாடி முதுகைப் பாருங்க

"எந்த பிராண்ட் கத்தி நல்லது?" என்று கேட்பவர்களிடம் திருப்பிக் கேட்க மூணு கேள்வி இருக்கு. எதை வெட்டப் போறீங்க? எது மேல வச்சு வெட்டுவீங்க? கழுவுற தண்ணி எப்படி? வேலூர்ப் பக்கம் பாதி வீடுகளில் பதில் ஒண்ணுதான்: வெங்காயம், கத்தரிக்காய், கோழி, எவர்சில்வர் தட்டு, உப்புத் தண்ணி. இதுக்குத் தாங்குற கத்தி வேற, யூடியூபில் மீனைக் கண்ணாடி மாதிரி சீவுற கத்தி வேற.

லாங் பஜாரில் அட்டையோட தொங்குற கத்திகளைப் பார்க்கப் போகும்போது ஃபிரிட்ஜில் ஒட்டுற காந்தம் ஒண்ணு பாக்கெட்டில் இருக்கட்டும். அலகில் காந்தம் ஒட்டலைன்னா அது தட்டு, டம்ளர் செய்யுற வகை எவர்சில்வர். காய்ச்சி, சூட்டோட தண்ணியிலோ எண்ணெயிலோ முக்கித் தோய்ச்சல் கொடுத்தாலும் அது இறுகாது. வாங்கின அன்னைக்கு வெட்டும், பத்து நாளில் மழுங்கும். ஒட்டினா உடனே நல்ல கத்தின்னு அர்த்தம் இல்லை, அடுத்த சோதனைக்குப் போகலாம், அவ்வளவுதான்.

அடுத்தது ஸ்டீலின் பேர். அலகிலோ அட்டையிலோ 'எக்ஸ்50சிஆர்எம்ஓவி15' அல்லது '1.4116' என்று இருந்தா இரண்டும் ஒரே ஸ்டீல். கார்பன் 0.5 சதவீதம், குரோமியம் 15 சதவீதம், கூடவே கொஞ்சம் மாலிப்டினம், வனேடியம். வீட்டுக்குத் தாராளம். '420ஜே2' என்று இருந்தா கார்பன் 0.3 பக்கம்தான், கூர் சீக்கிரம் போகும். ஸ்டீல் பேரே இல்லாம 'சர்ஜிக்கல் ஸ்டீல்', 'ஜெர்மன் டெக்னாலஜி' என்று மட்டும் இருந்தா, அது அச்சடிச்சவர் ஆசை. வாங்குறவங்களுக்கு அதில் ஒரு தகவலும் இல்லை.

ஜெர்மனி பேச்சு வந்ததால் சொல்லிடறேன். சோலிங்கன் என்று ஒரு ஊர் இருக்கு (நம்ம சோளிங்கர் இல்லை, மலையேற வேண்டாம்). கத்திக்குப் பேர்போன ஊர். அந்தப் பேரைப் போட்டுக்கணும்னா முக்கியமான வேலையெல்லாம் அங்கேயே நடந்திருக்கணும்னு 1938லேயே சட்டம் போட்டாங்க. அதனால் 'சோலிங்கன்' என்ற சொல்லுக்கு மதிப்பு உண்டு. 'ஜெர்மன்' என்று பொத்தாம்பொதுவா போட்டதுக்கு இல்லை. சின்னத்தையும் பாருங்க. 1731ல் பதிவான இரட்டை ஆள் சின்னம், சோலிங்கன் கம்பெனியான ஸ்விலிங்குடையது. ஒத்தை ஆள் மட்டும் இருந்தா ஹென்கெல்ஸ். வீடு ஒண்ணுதான், ஆனா விலை குறைஞ்ச வரிசை, பல நாட்டில் செய்யுறது. ஜப்பானின் 'காய்' (Kai) என்ற கம்பெனிக்கும் அதே கதை. ராஜஸ்தான் நீம்ரானாவில் அவங்களுக்குத் தொழிற்சாலை இருக்கு. அதே கம்பெனியின் விலை உயர்ந்த ஷுன் வரிசை முற்றிலும் வேற ரகம். கம்பெனி பேரை நம்பி வாங்காதீங்க, எந்த வரிசைன்னு பாருங்க. குக்கர் விக்கிற கம்பெனி கத்தி மேல தன் பேரைப் போட்டா, குக்கரோட நல்ல பேர் கத்திக்கு வராது.

இனி முதுகு. விலை எங்கே போச்சுன்னு இங்கேதான் தெரியும். காய்கறிக் கத்திக்கு முதுகு 1.5 முதல் 2 மில்லிமீட்டர் போதும். அங்கிருந்து வாய்ப் பக்கம், அதாவது வெட்டுற பக்கம், இறங்க இறங்க மெலிஞ்சுகிட்டே வரணும். கூர் தீட்டின கோட்டுக்குச் சற்று மேலே ஒரு விசிட்டிங் கார்டு தடிமன்தான் இருக்கணும். மலிவுக் கத்தியில் முதுகு மெலிசா இருக்கும், கீழேயும் அதே தடிமனில் இறங்கி, கடைசி ஒரு மில்லிமீட்டரில் மட்டும் சாய்ச்சுத் தீட்டியிருப்பாங்க. அதில் கேரட் வெட்டினா 'டக்'னு சத்தம் வரும். கூர் அடிவரைக்கும் போகும் முன்னாடியே காய் பிளந்துடுச்சுன்னு அர்த்தம். பிரியாணிக்கு வெங்காயம் மெலிசா சீவ அது உதவாது. சுவிட்சர்லாந்தில் 1884ல் தொடங்கின விக்டோரினாக்ஸின் பிளாஸ்டிக் பிடிக் கத்தியைப் பார்த்து "இதுக்கா இவ்ளோ விலை?" என்று கேட்கிறவங்க உண்டு. தகட்டில் வெட்டி எடுத்த அலகுதான், சம்மட்டியால் அடிச்சது இல்லை. ஆனா கீழே நல்லா மெலிஞ்சிருக்கும், தோய்ச்சல் கத்திக்குக் கத்தி மாறாது. காசு அதுக்குத்தான். அடிச்சுச் செஞ்சது ஒசத்தி என்பது பழைய நினைப்பு.

இன்னொண்ணு: பிடிக்கும் அலகுக்கும் நடுவில் சில கத்திகளில் தடிச்ச உலோகக் கழுத்து வாய் வரைக்கும் இறங்கியிருக்கும். பார்க்க கம்பீரம். சில வருஷம் தீட்டினதும் அலகு தேயும், கழுத்து தேயாது. அப்புறம் கத்தியின் அடிப்பக்கம் பலகையைத் தொடாது, வெங்காயம் துண்டாகாம மாலை மாதிரி தொங்கும். பாதியில் நிக்கிற கழுத்தா, கழுத்தே இல்லாததா வாங்குங்க.

கடினம் பற்றி: ஸ்டீலின் கடினத்தைச் சொல்லுற ராக்வெல் அளவில் விக்டோரினாக்ஸ் 55, 56. ஜப்பான் விஜி-10 ஸ்டீல் 60, 61. கூர் அதிக நாள் நிக்கும், உண்மை. ஆனா கோழி மூட்டில் இறக்கினாலோ, எவர்சில்வர் தட்டில் வச்சு வெட்டினாலோ வாய் பல்லு பல்லா பேந்துடும். மென்மையான ஸ்டீல் அதே அடியில் மடங்கும், மடங்கினதை நிமிர்த்தலாம். பேந்ததைச் சரிசெய்ய 400 நம்பர் கல்லில் அரை மணி நேரம் தேய்க்கணும், அலகும் குறையும். நம்ம வீட்டுப் பழக்கத்துக்கு 56தான் லாபம். வெட்டுறதுக்கு மரப் பலகையோ பிளாஸ்டிக் பலகையோ வாங்காம விலை உயர்ந்த கத்தி வாங்குறது வீண் செலவு.

அலகில் அலை அலையா 'டமாஸ்கஸ்' கோலம் (பல அடுக்கு ஸ்டீலைச் சேர்த்து அடிச்சா வர்றது) போட்டு ஆயிரம் ரூபாய்க்கு வந்தா அது பெரும்பாலும் லேசரில் வரைஞ்சது. நைஸ் எமரித் தாளில் தேய்ச்சா கோலம் போயிடும், திரும்ப வராது.

பாலாற்றுப் பக்கத் தண்ணியைப் பற்றிச் சொல்லாம விட முடியாது. தோல் பதனிடுற ஷாப் கழிவு இறங்கின வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை போர் தண்ணியில் குளோரைடு அதிகம். 'துரு பிடிக்காது' என்று எழுதின கத்தியிலும் அது ஊசி குத்தின மாதிரி கரும்புள்ளி போடும். ராத்திரி சிங்க்கில் ஊறவிட்டாலே போதும். இதை பிராண்டின் குறைன்னு சொல்ல முடியாது. கழுவின கையோடு துணியில் துடைச்சு வைக்கணும்.

சாணை பிடிக்க வர்றவரிடம் கொடுத்தா, ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணியில் முக்கச் சொல்லுங்க. உலர் சக்கரத்தில் வாய் நீலமாச்சுன்னா அங்கே தோய்ச்சல் போச்சு. வீட்டில் 1000 நம்பர் கல் போதும். 4 சென்டிமீட்டர் அகலக் கத்திக்கு முதுகை 1.4 சென்டிமீட்டர் தூக்கிப் பிடிச்சா 20 டிகிரி. ஒரு பக்கம் தேய்ச்சுகிட்டே இருங்க. மறுபக்கம் நுனியிலிருந்து அடிவரை பிசிறு விரலில் தட்டுப்படணும். பிறகு மறுபக்கம். கடைசியில் லேசா மாத்தி மாத்தி இழுத்துப் பிசிறை எடுக்கணும். பிசிறு வராமலே நிறுத்தினா கூரே வராது. பிசிறை எடுக்காம விட்டா அன்னைக்கு பிளேடு மாதிரி வெட்டும், மறுநாள் மடங்கிப் படுத்துடும். பழி பிராண்ட் மேல விழும்.

கறிக்கு மட்டும் கொல்லன் பட்டறைக் கத்திதான். லாரி ஸ்ப்ரிங் பட்டையில் 0.5, 0.6 சதவீதம் கார்பன் உண்டு, எலும்பு அடி தாங்கும். வாங்கும்போது வாயில் புது அரத்தை ஒரு இழுப்பு இழுங்க. ஆணியைத் தின்னுற மாதிரி தின்னா தோய்ச்சல் கம்மி, திருப்பிக் கொடுத்துடுங்க. வெயிலில் சாய்ச்சுப் பார்த்தா மயிரிழை விரிசல் தெரியும். எண்ணெய் தடவி வைங்க. ஆனா அதில் இலவம்பாடி முள்ளுக்கத்தரியை வெட்டினா இரும்பு பட்டுக் காய் கறுத்துடும், வாழைப்பூவும் அப்படித்தான். அந்த ரெண்டுக்கும் எவர்சில்வர் கத்தியை எடுங்க.