நியூஜெர்சிக்கு இரண்டு ராகு காலம்

செங்கோட்டை வீட்டில் கிழிக்கும் தினசரிக் காலண்டருக்கு நான் இருக்கும் நியூஜெர்சியில் என்ன அதிகாரம் என்று கேட்டால் அம்மாவுக்குக் கோபம் வருகிறது. ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம். அது இங்கே கோடையில் காலை 7 முதல் 8.30. அப்போதும் கிளம்பக் கூடாதாம். இங்குள்ள மாலை 4.30க்கும் கூடாதாம்! வாசலில் தோழிகள் காரில் காத்திருக்க, நான் ராகுவைச் சொல்ல முடியாமல் வயிற்றுவலி என்று புளுக வேண்டியிருக்கிறது. நவம்பரில் அமெரிக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அந்தக் கணக்கையும் அத்தை போட்டுக் கொடுத்துவிட்டார். இத்தனைக்கும் அத்தை புனலூருக்கு பஸ் ஏறும்போது எந்தக் காலமும் பார்ப்பதில்லை. கேரள எல்லையில் ஆரியங்காவு தாண்டினால் ராகுவுக்கு அனுமதி இல்லை போலும். எனக்கென்றால் மட்டும் விசா வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்.